சீருடைக்குள் இருப்பது உடலா, கொடியா?

வளைகுடா நாடொன்றுக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிற நம்மூர் இளைஞன் விமானம் ஏறுமுன் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் இரத்தம் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு குடியிருப்பு அனுமதிக்காக மறுபடியும் சோதனைக்கு நிற்க வேண்டும். நுரையீரலில் பழைய காசநோயின் தழும்பு தெரிந்தால்கூட அவன் திருப்பி அனுப்பப்படலாம். இதை நாட்டின் மானத்துக்கு இழுக்கு என்று எந்த அரசும் சொல்வதில்லை. வருகிறவன் நோயோடு வருகிறானா என்று கேட்பது வீட்டுக்காரனின் உரிமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே எல்லையை இன்னொரு வகை மனிதன் கடக்கிறான். அவன் சீருடையில் வருகிறான், நூறு பேராக, ஆயிரம் பேராக வருகிறான், மாதக்கணக்கில் தங்குகிறான். கடைத்தெருவுக்கும் மதுக்கடைக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறான். அவனைப் பார்த்து 'உன் உடல்நிலை என்ன?' என்று கேட்டால் மட்டும் கேள்வி திடீரென்று ராஜதந்திரப் பிரச்சினையாகிவிடுகிறது. அனுப்பிய அரசின் பதில் எப்போதும் ஒன்றே: 'எங்கள் வீரர்களின் ஆரோக்கியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் சொல்லை நம்புங்கள்.' இந்தப் பதில் நேர்மையற்றது, ஆபத்தானது, பலமுறை பொய்த்துப்போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அயல்நாட்டுப் படைகள் ஒரு நாட்டில் தங்கும்போது அவர்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்பதை ஒரு படைநிலை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. 2019இல் இலங்கைப் பத்திரிகைகளில் 'சோபா' என்ற பெயரில் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது இந்த வகை ஒப்பந்தம்தான். பல ஒப்பந்தங்களில் வீரர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்கு உண்டு. போர்க்கப்பலுக்கோ இறையாண்மைக் காப்பு இருக்கிறது: துறைமுக நாட்டின் அதிகாரி அதன்மேல் ஏறிச் சோதனையிட முடியாது. கப்பலில் தொற்றுநோய் இல்லை என்று தலைவன் சொன்னால் அதுவே சான்று. சரக்குக் கப்பலில் வருகிற மாலுமியை விசாரிக்கிற அதே துறைமுகச் சுகாதார அதிகாரி, போர்க்கப்பலின் ஏணியடியில் நின்று காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இப்படி நம்பிக்கையின்மேல் கட்டிய ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒக்கினாவா சாட்சி.

ஜப்பானின் நிலப்பரப்பில் சுமார் 0.6 விழுக்காடே உள்ள அந்தத் தீவுகளின்மேல், ஜப்பானில் அமெரிக்கப் படைகள் தனித்துப் பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 விழுக்காடு சுமத்தப்பட்டிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் படைநிலை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதி அமெரிக்க வீரர்களைக் கடவுச்சீட்டு, விசாச் சட்டங்களிலிருந்து விடுவிக்கிறது. தளத்துக்கு நேராக வந்திறங்குகிறவர்களின் நோய்த்தடுப்புச் சோதனையை அமெரிக்கப் படையே நடத்திக்கொள்ளும் என்று 1996இல் கூட்டுக்குழுவில் உடன்பாடாயிற்று. 2021 நவம்பர் இறுதியில் ஒமைக்ரானுக்கு அஞ்சி ஜப்பான் புதிதாக நுழையும் வெளிநாட்டவருக்குக் கதவை ஏறக்குறைய முழுதாகச் சாத்தியது. இடம் கிடைத்த பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் மாணவர்கள் தத்தம் நாடுகளில் காத்துக் கிடந்தார்கள். படைத்தளத்தின் வாசல் மட்டும் திறந்தே இருந்தது.

டிசம்பர் நடுவில் ஹான்சன் முகாமில் பெருந்தொற்று வெளிப்பட்டது. ஒக்கினாவாவில் முதலில் ஒமைக்ரான் கண்டறியப்பட்டவர் ஜெனரலோ தூதரோ அல்லர். அந்தத் தளத்தில் வேலை பார்த்த ஓர் உள்ளூர் ஊழியர். அதன்பிறகுதான் ஜப்பான் அரசுக்கே ஓர் உண்மை தெரியவந்தது: செப்டம்பர் தொடக்கம் முதல் அமெரிக்க வீரர்கள் புறப்படுமுன் பரிசோதனை செய்துகொள்ளவேயில்லை. தடுப்பூசி பரவலாகிவிட்டதென்று அமெரிக்கத் தரப்பு தன் விதியைத் தளர்த்திக்கொண்டது; விருந்தளிக்கும் நாட்டுக்கு அது முறையாகச் சொல்லப்படவில்லை. ஏறத்தாழ நான்கு மாதங்கள், நடப்பதாக ஜப்பான் நம்பிக்கொண்டிருந்த பரிசோதனை நடக்கவேயில்லை. 2022 ஜனவரி 7 அன்று ஒக்கினாவாவில் ஒரே நாளில் பதிவான தொற்று 1,400ஐத் தாண்டியது. ஆளுநர் டெனி தமாகி படைத்தளங்களையே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஜனவரி 10 முதல்தான் வீரர்கள் தேவையின்றித் தளத்தைவிட்டு வெளியே போவது கட்டுப்படுத்தப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டிய கதை.

'ஒமைக்ரான் எப்படியும் வந்திருக்கும்' என்று சொல்வார்கள். வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எப்போது வருகிறது என்பது தொற்றுநோயில் அற்பமான கேள்வியல்ல. மூன்று வாரம் தாமதித்தால் முதியோருக்கு மூன்றாவது ஊசி போட மூன்று வாரம் கிடைக்கும். மருத்துவமனையில் படுக்கையை ஒழுங்குசெய்ய மூன்று வாரம் கிடைக்கும். அந்த நாட்களைத் திருடியவர் யார் என்பதே ஒக்கினாவா மக்களின் கேள்வி.

சரி, படைவீரர்களைப் பரிசோதிப்பது நடைமுறையில் இயலாத காரியமா? ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் பாருங்கள். ஆண்டுதோறும் பயிற்சிக்கு வருகிற அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் 2020ஆம் ஆண்டு வருகையை அந்த நாடு தள்ளிவைத்தது. பிறகு ஆட்களைக் குறைத்து, 14 நாள் தனிமை, வந்ததும் ஒரு பரிசோதனை, தனிமை முடியும்போது இன்னொன்று என்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. தொற்றிருந்த வீரர் தனிமையிலேயே கண்டுபிடிக்கப்பட்டார், ஊருக்குள் போகவில்லை. கூட்டணி உடையவில்லை, பயிற்சி நின்றுபோகவில்லை, யாருடைய கொடியும் கீழே விழவில்லை. அதே வல்லரசு, அதே படைப்பிரிவு, அதே நோய். டார்வினில் முடிந்தது ஒக்கினாவாவில் ஏன் முடியவில்லை? விடை மருத்துவத்தில் இல்லை. கேட்பவன் எவ்வளவு உரத்துக் கேட்க முடிகிறது என்பதில் இருக்கிறது. டோக்கியோ தன் தென்கோடித் தீவுக்காகக் கான்பெராவைப் போல உரத்துப் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

உரத்துப் பேசும் வலிமையே இல்லாத நாட்டின் கதி என்ன? அந்தக் கதையின் பெயர் ஹைத்தி.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் சிதைந்து கிடந்த நாடு அது. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை அங்கே ஏற்கெனவே இருந்தது. அந்த அக்டோபரில் நேபாளத்திலிருந்து புதிய படையணி வந்து, மிர்பாலே ஊருக்கருகே ஓர் ஆற்றோர முகாமில் தங்கியது. அவர்கள் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் காத்மாண்டுப் பகுதியில் காலரா பரவியிருந்தது. வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் நோயை மட்டும் தேடுகிற பரிசோதனை. காலராக் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரிந்த செய்தி. முகாமின் கழிவுநீர்க் குழாய்களோ முறையாக அமைக்கப்படவில்லை. கழிவு ஓடையில் கலந்தது. ஓடை அர்த்திபோனித் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரைத்தான் மக்கள் குடித்தார்கள், அதில்தான் குளித்தார்கள், அதைத்தான் வயலுக்குப் பாய்ச்சினார்கள்.

குறைந்தது ஒரு நூற்றாண்டாகக் காலராவைக் காணாத நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கே சொல்கிறது.

அடுத்து நடந்ததுதான் நான் சொல்லவரும் நோயின் முழு வடிவம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல, முகாமுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது ஐ.நா. பிரெஞ்சுத் தொற்றுநோயியலாளர் ரெனோ பியரூ களத்தில் இறங்கி ஆற்றின் போக்கில் நோயைத் தொடர்ந்து முகாமின் வாசலில் போய் நின்றார். 2011இல் மரபணு ஆய்வு ஹைத்தியின் கிருமியும் நேபாளத்தின் கிருமியும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. ஐ.நா.வே அமைத்த நால்வர் குழு, காலரா உள்ள நாடுகளிலிருந்து வருவோருக்கு முன்கூட்டியே எதிருயிரி மருந்து தரவேண்டும், அல்லது கிருமி இல்லையென்று பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவும் எந்தத் தரப்பின் தவறென்றும் சொல்லாமல், பல சூழல்களின் சேர்க்கை என்று மழுப்பியது.

பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டார்கள். அமைதிப்படைக்கும் ஹைத்திக்குமான ஒப்பந்தத்திலேயே இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்படும் என்று எழுதியிருந்தது, அது அமைக்கப்படவேயில்லை. 2013 பிப்ரவரியில் அவர்களது கோரிக்கை 'ஏற்கத்தக்கதல்ல' என்று திருப்பியனுப்பப்பட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் ஐ.நா.வின் சட்டக்காப்பைச் சொல்லி வழக்கைத் தள்ளின. 2016 டிசம்பர் 1 அன்றுதான், பதவிக்காலம் முடிய ஒரு மாதம் இருக்கையில், பான் கீ-மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது அதில் சிறு பகுதி. நோய்க்குக் காரணமானவர்களாக நேபாள வீரர்களைச் சபிப்பதும் அநியாயம்தான். அந்த ஏழை இளைஞர்களுக்குத் தாங்கள் எதைச் சுமந்து செல்கிறோம் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் பொறுப்பு இருந்தவர்கள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். படைவீரர் வந்த இடங்களில் பரிசோதனையே நடக்கவில்லை என்று நினைத்தால் தவறு. தாராளமாக நடந்தது. வீரர்களுக்கல்ல, அவர்கள் வந்த ஊரின் பெண்களுக்கு.

பிரிட்டனில் 1864, 1866, 1869ஆம் ஆண்டுகளின் தொற்றுநோய்ச் சட்டங்கள் படைநகரங்களில் பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைக் கட்டாய உடற்சோதனைக்கு உட்படுத்தின. படைவீரர்களைச் சோதிக்கும் வழக்கம் 1859இலேயே கைவிடப்பட்டிருந்தது. காரணம் என்ன தெரியுமா? அது ஆண்களின் சுயமரியாதையைப் புண்படுத்துகிறதாம்! இந்தியாவிலும் 1864இன் கண்டோன்மெண்ட் சட்டமும் 1868இன் தொற்றுநோய்ச் சட்டமும் இதே வேலையைச் செய்தன. பரங்கிமலையிலும் திருச்சிராப்பள்ளியிலும் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற பெயரில் இயங்கிய அடைப்பு மருத்துவமனைகளில், வெள்ளைச் சிப்பாயின் நலனுக்காக நம் பெண்கள் பூட்டிவைக்கப்பட்டார்கள். வந்தவனின் உடல் மரியாதைக்குரியது. இருந்தவளின் உடல் சந்தேகத்துக்குரியது.

இது விக்டோரியா காலத்தோடு ஒழிந்ததென்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தென்கொரியாவில் அமெரிக்கத் தளங்களைச் சுற்றியிருந்த ஊர்களில், அமெரிக்கப் படைத்தலைமையின் நெருக்குதலையடுத்து 1970களில் அரசே 'தூய்மைப் பணி' நடத்தியது. பெண்கள் தவறாமல் பால்வினை நோய்ச் சோதனைக்குப் போக வேண்டும். தவறினால், அல்லது நோயுற்ற சிப்பாய் ஒருவன் 'இவள்தான்' என்று கைகாட்டினால், ஜன்னலில் கம்பி போட்ட இல்லத்தில் அடைத்துப் பெனிசிலின் ஊசி போடுவார்கள். டோங்டுசியோனில் இருந்த அத்தகைய இல்லத்தை மக்கள் 'குரங்கு வீடு' என்றார்கள். 2022 செப்டம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் இதற்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வழக்காடிய பெண்கள் அதற்குள் மூதாட்டிகளாகியிருந்தார்கள். கைகாட்டிய சிப்பாய்களைப் பற்றித் தீர்ப்பு எதுவும் இல்லை. அவர்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் சுபிக் கடற்படைத்தளம் இருந்த காலத்தில் ஒலோங்காப்போ நகரத்து மதுக்கூடப் பெண்கள் சுகாதார அட்டை வைத்திருக்க வேண்டும் என்பதும் இதே விதியின் இன்னொரு கிளைதான்.

எனவே, 'படைவீரரைச் சோதிப்பது கண்ணியக் குறைவு' என்ற வாதத்தைக் கேட்கும்போது யாருடைய கண்ணியம் என்று திருப்பிக் கேட்போம். சோதனை கண்ணியக் குறைவு என்றால் அது அந்தப் பெண்ணுக்கும் நம் கொத்தனாருக்கும் கண்ணியக் குறைவுதான். கண்ணியக் குறைவு இல்லையென்றால் சிப்பாய்க்கும் இல்லை. இடையில் மூன்றாவது வழி கிடையாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் ஒன்று வலுவானது, மற்றவை சாக்குகள்.

முதல் சாக்கு, படை ரகசியம். எத்தனை வீரர் நோயுற்றார் என்று தெரிந்தால் எதிரிக்குப் படையின் ஆற்றல் தெரிந்துவிடுமாம். 2020 மார்ச்சில் வியட்நாமின் தா நாங் துறைமுகத்துக்குப் போய்வந்த 'தியோடர் ரூஸ்வெல்ட்' விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா பரவியது. உதவி கேட்டு அதன் தலைவர் பிரெட் குரோசியர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியானதும் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கப்பலின் ஏறத்தாழ 4,800 பேரில் 1,200க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். ரகசியம் எதிரியைவிடத் தன் சிப்பாயைத்தான் முதலில் காவுகொள்கிறது. விருந்தளிக்கும் நாடும் படை எண்ணிக்கையைக் கேட்கவில்லை. வெளியே நடமாடப் போகிறவர் நோய் பரப்புவாரா என்பதைத்தான் கேட்கிறது.

இரண்டாவது சாக்கு, நட்பு நாடுகளிடையே பரஸ்பர நம்பிக்கை. நம்பிக்கை என்பது சரிபார்க்கப்பட்டு வளர்வது. சரிபார்க்க மறுப்பவர் கேட்பது நம்பிக்கையை அல்ல, பணிவை.

வலுவான வாதம் மூன்றாவது. பரிசோதனை என்ற பெயரில் அரசுகள் களங்கம் சுமத்தும், குறிப்பாக எச்.ஐ.வி. விஷயத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2000 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் எச்.ஐ.வி.யைப் பற்றி நிறைவேற்றிய 1308ஆம் தீர்மானம், அமைதிப்படையினருக்குத் தாமாக முன்வந்து செய்துகொள்ளும், ரகசியம் காக்கும் பரிசோதனையையே வலியுறுத்தியது. இது சரியான திசை. சேர்ந்து உண்பதாலும் பக்கத்தில் உட்கார்வதாலும் பரவாத ஒரு கிருமிக்காக ஒரு மனிதனை எல்லையில் நிறுத்துவது மருத்துவமாகாது. ஆகவே நான் கேட்பது எல்லா நோய்க்கும் எல்லோருக்கும் சோதனை என்றல்ல. காற்றிலும் நீரிலும் பரவி, அறியாத அயலாரைத் தாக்கக்கூடிய நோய்களுக்கு, அவை பரவும் காலத்தில், அந்நாட்டில் நுழையும் மற்ற எவருக்கும் உள்ள அதே சோதனை. கொத்தனாருக்கு எச்.ஐ.வி. சோதனை அநியாயம் என்றால் அதையும் சேர்த்தே ஒழிக்கட்டும். சிப்பாய்க்கு மட்டும் சலுகை வேண்டாம்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பின் 2005ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார விதிமுறைகள் வருகிறவரை உடலைத் துன்புறுத்தாத முறையில் சோதிக்க நாடுகளுக்கு இடம் தருகின்றன. அவரது கண்ணியத்தைக் காக்கவும் கட்டளையிடுகின்றன. அதில் 'பயணி' என்ற சொல்லின் வரையறை, சீருடை அணிந்தவர், அணியாதவர் என்று ஆளைப் பிரிக்கவில்லை. ஜெர்மனியில் தங்கியுள்ள அயல்நாட்டுப் படைகள் தொடர்பான துணை ஒப்பந்தமும் தொற்றுநோய்த் தடுப்பில் ஜெர்மானிய விதிகளுக்கு இடமளிக்கிறது. வழி இருக்கிறது, நடக்க மனமில்லை.

'தமிழ் இலக்கியம் நடத்துகிறவனுக்குப் படை ஒப்பந்தத்தில் என்ன வேலை?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. 'நாடு' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பசியையும் பிணியையும் பகையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். பகையை எல்லையில் தடுப்பது அரசின் உரிமை என்றால் பிணியைத் தடுப்பதும் அதே உரிமைதான். இன்றைய ஒப்பந்தங்களோ பகையைத் தடுக்க வருகிறவனிடம் பிணியைப் பற்றிக் கேட்காதே என்கின்றன. காவலுக்கு வந்தவன் என்பதால் அவன் செருப்போடு அடுக்களைக்குள் வரலாமா?

ஆகவே, படைநிலை ஒப்பந்தம் எழுதும் எந்த அரசும், அது வாஷிங்டனோ டெல்லியோ, மூன்று வரிகளைச் சேர்க்கட்டும். விருந்தளிக்கும் நாட்டின் நோய்த்தடுப்புச் சட்டம் வருகிற படைக்கும் பொருந்தும். பரிசோதனை விதியில் எந்த மாற்றம் செய்தாலும், நடைமுறைப்படுத்துமுன் அந்நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். படையால் நோய் பரவினால் பாதிக்கப்பட்டவர் முறையிட ஓர் இடம் இருக்க வேண்டும். அது காகிதத்தில் மட்டும் இருக்கக் கூடாது. முதல் வரி இருந்திருந்தால் ஒக்கினாவாவுக்குச் சில வாரங்கள் மிஞ்சியிருக்கும். மூன்றாவது வரி காகிதத்தைவிட்டு எழுந்து வந்திருந்தால் ஹைத்தியின் தாய்மார்கள் ஒரு மன்னிப்புக்காக ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்காது.

சிப்பாய் ஒரு நாட்டின் கொடியைச் சுமந்து வருகிறான், உண்மைதான். கூடவே ஒரு குடலையும் நுரையீரலையும் சுமந்து வருகிறான். கொடிக்கு வணக்கம் வைக்கலாம். குடலுக்கும் நுரையீரலுக்கும் வணக்கம் வைத்த நாடுகள் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன.